பேஸ்மென்ட்ல ரெக்கார்டிங் ரூம்: ஃபோம் வாங்கறதுக்கு முன்னாடி இடுக்கை அடைங்க

வீட்டுக்கு கீழ சும்மா கிடந்த பேஸ்மென்ட் ரூமை பாட்டு, அக்கூஸ்டிக் கிட்டார் ரெக்கார்ட் பண்ற மாதிரி மாத்தணும்னு ஆரம்பிச்ச வேலை இப்பதான் ஒரு வழியா முடிஞ்சுது. கம்மி பட்ஜெட்ல இதையே பண்ணப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ஒண்ணு, வெளி சத்தம் உள்ள வராம தடுக்கறது ஒரு வேலை, ரூமுக்குள்ள எதிரொலியை அடக்கறது வேற வேலை. செவுத்துல ஒட்டற ஃபோம் ரெண்டாவதைத்தான் செய்யும், அதுவும் மெல்லிசா இருந்தா மேல் ஃப்ரீக்வன்சிக்கு மட்டும். முட்டை ட்ரே ஒட்டறதெல்லாம் வேண்டவே வேண்டாம், பலனும் இல்ல, சீக்கிரம் தீப்பிடிக்கிற பொருள் வேற. சத்தத்தை நிறுத்தறது கனமும், காத்து புகாத அடைப்பும், ரெண்டு பரப்பு ஒண்ணையொண்ணு நேரா தொடாம இருக்கறதும்தான்.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஈரம் இருக்கான்னு பாருங்க. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை செவுத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விட்டேன். ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது செவுத்தைப் பாத்த பக்கம் தண்ணி கோத்திருந்தா கசிவு, ரூம் பக்கம் இருந்தா காத்துல இருக்கிற ஈரப்பதம். கசிவை சரி பண்ணாம மேல எதை வச்சு மூடினாலும் பூஞ்சைதான் பிடிக்கும்.

பேஸ்மென்ட்ல ஒரு பெரிய வசதி, மண்ணுக்குள்ள இருக்கிற கான்கிரீட் செவுத்துல சத்தம் தடுக்கறதுக்குன்னு காசு போட வேண்டியதே இல்ல. பணம் முழுக்க கதவுக்கும் சீலிங்குக்கும்தான் போகணும்.

இடுக்கு கண்டுபிடிக்க ராத்திரி லைட்டெல்லாம் அணைச்சுட்டு வெளிய ஒருத்தரை டார்ச்சோட நிக்க வச்சு நான் உள்ள உக்காந்து பாத்தேன், கதவுக்கு அடியில ஒரு நீளக் கோடு, பூட்டு பக்கம் ஒரு புள்ளி, பைப் போற ஓட்டையைச் சுத்தி ஒரு வளையம்னு வெளிச்சம் அப்படியே காட்டிக் கொடுத்துச்சு. 50 டெசிபல் தடுக்கிற செவுத்துல நூத்துல ஒரு பங்கு திறப்பு இருந்தா மொத்தத்துல 20 டெசிபல் அளவுக்குத்தான் தடுக்கும், அதனால இடுக்குல நிரப்பி அடைக்கிற பசையான சீலன்ட்தான் இந்த வேலையிலயே காசுக்கு அதிக பலன் குடுக்கிறதுன்னு சொல்வேன். காஞ்சாலும் ரப்பர் மாதிரி நெகிழ்வா இருக்கிற அக்கூஸ்டிக் சீலன்ட் வாங்குங்க, இறுகிப் போறது நாளாக நாளாக வெடிப்பு விடும். உள்ள வெத்தா இருந்த கதவை எடுத்துட்டு கனமான சாலிட் கதவு போட்டு, சுத்தி கேஸ்கெட் (இடுக்கை அடைக்கிற ரப்பர் பட்டை), அடியில கதவு மூடும்போது தானா இறங்குற சீல் வச்சேன், வித்தியாசம் அன்னிக்கே தெரிஞ்சுது.

சீலிங்தான் கஷ்டம். மேல பேசற சத்தம் வேற, நடக்கிற சத்தம் வேற. நடக்கிறது மேல் தளத்தைத் தாங்குற மரக்கட்டைக்குள்ளயே அதிர்ந்து இறங்குது, அதுக்கு மலிவான வைத்தியம் மேல் மாடில தடிமனான கார்ப்பெட்டும் அதுக்கு அடியில பேடும். கீழருந்து பண்ணினது என்னன்னா, பழைய சீலிங்கை கழட்டிட்டு கட்டைகளுக்கு நடுவுல ராக்வூல் (கல்லை உருக்கி இழையா செஞ்ச பஞ்சு) வச்சு, ரெசிலியன்ட் சேனல் (அதிர்வு கட்டையிலருந்து போர்டுக்கு நேரா போகாம தடுக்கிற வளையற உலோகப் பட்டை) அடிச்சு, அதுல ரெண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, ரெண்டாவது அடுக்கோட ஜாயின்ட் முதல் அடுக்கு ஜாயின்ட் மேல வராத மாதிரி. பழைய சீலிங்கை அப்படியே விட்டு கொஞ்சம் இடைவெளியில இன்னொன்னு தொங்க விடலாமேன்னு தோணும், ஆனா நடுவுல ரெண்டு காத்து அறை ஆகிடும்போது தாழ்ந்த ஃப்ரீக்வன்சியில முன்னைவிட மோசமாகலாம். இன்னொன்னு, ஸ்க்ரூ நீளம் பாத்து வாங்குங்க. சேனலைத் தாண்டி ஒரே ஒரு ஸ்க்ரூ கட்டையைத் தொட்டாலும் அதிர்வு அந்த வழியா இறங்கிடும், நான் ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்க போகுதுன்னு பென்சில்ல குறிச்சுத்தான் போட்டேன். ராக்வூலை கையில எடுக்கும்போது மாஸ்க், கிளவுஸ், முழுக்கை சட்டை கட்டாயம்.

உள்ள எதிரொலிக்கு 10 செ.மீ தடிமன் ராக்வூல் பேனல், காத்து போற துணி சுத்தி, செவுத்துலருந்து கொஞ்சம் தள்ளி மாட்டினேன். 100 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே சுமார் 3.4 மீட்டர், ஒரு இஞ்ச் ஃபோம் அதை என்ன பண்ணும் சொல்லுங்க. மூலைகளுக்கு முதல்ல போடுங்க, பேஸ், அதாவது தாழ்ந்த ஃப்ரீக்வன்சி சத்தம், அங்கதான் தேங்கும். பக்க செவுத்துல எங்க மாட்டணும்னு தெரிய ஒருத்தரை கண்ணாடியை செவுத்தோட நகத்தச் சொல்லி மிக்ஸ் பண்ற இடத்துல உக்காந்து பாருங்க, ஸ்பீக்கர் தெரியிற இடம்தான் பேனல் இடம்.

இவ்வளவு அடைச்ச ரூமுக்கு காத்து வேணும், இதை விட்றாதீங்க. உள்பக்கம் ராக்வூல் ஒட்டி காத்து வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி பெட்டி செஞ்சு, சின்ன ஃபேனை ரூமுக்கு வெளிய வச்சேன். கேஸ் பாய்லர் மாதிரி எரியிற கருவி அதே பேஸ்மென்ட்ல இருந்தா அதுக்குப் போற காத்தை எக்காரணம் கொண்டும் அடைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து, டிடெக்டரும் மாட்டுங்க.

இப்ப பாட்டு, கிட்டார் எல்லாம் சுத்தமா வருது. மிச்சம் இருக்கிற மெல்லிய சத்தத்துக்கு கார்டியாய்ட் மைக்கோட (முன்னாடி வர்ற சத்தத்தை நல்லா எடுத்து, பின்னாடி வர்றதை ரொம்பக் கம்மியா எடுக்கிற மைக்) முதுகை அந்தப் பக்கம் திருப்பி வச்சாலே போதுது. நிஜ ட்ரம்ஸ் வாசிக்கணும்னா ரூமுக்குள்ள தனி ரூமே கட்டணும், அது இந்த பட்ஜெட்ல ஆகாது, அதனால எலக்ட்ரானிக் கிட்தான், அதையும் கீழ நல்ல தடிமனான ரப்பர் பேட் போட்டுத்தான் வச்சிருக்கேன்.