கார்டுக்கா, கார்டிலிருந்தா?

கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் புதுச்சேரிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த காலம். வண்டி கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று வரும். அதற்குள் அன்றைக்குப் பேச வேண்டிய ஆங்கில வாக்கியங்களை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிடுவேன். கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, பழைய பிரெஞ்சு வீடு ஒன்றைச் சின்ன ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். வரவேற்பு மேசையில் நான். பில் போடுவது, ஸ்வைப் மெஷினை நீட்டுவது, வருகிற மெயிலுக்குப் பதில் எழுதுவது எல்லாம் என் தலையில்.

முதல் வாரமே மேனேஜர் திருத்தினார். “பை கேஷ்னு கேட்காதீங்க. இன் கேஷ். கார்டுக்குத்தான் பை.” இரண்டுமே பணம் கட்டுகிற வழிதான், ஒன்றுக்கு இன், இன்னொன்றுக்கு பை எதற்கு என்று கேட்டேன். “அப்படித்தான்” என்றார். சமையலறையில் இருந்த அண்ணன்தான் அதை என் மண்டையில் ஏற்றினார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. வீட்டில் பிரெஞ்சு கொஞ்சம் புழங்கும். “ரொக்கம்னா ஆன் எஸ்பெஸ், கார்டுன்னா பார் கார்த். ஆன்தான் இன், பார்தான் பை. அவ்வளவுதான் தம்பி” என்றார். ஏன் என்பதற்கு அதிலும் பதில் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எனக்கு மறக்கவில்லை.

அப்புறம் மற்றதையும் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டேன். ‘பை கார்டு’ என்று மொட்டையாகச் சொல்லலாம். நடுவில் ‘மை’ நுழைந்துவிட்டால் பை விலகி வித் வந்துவிடும்: ‘வித் மை கார்டு’. ‘பை மை கார்டு’ காதில் இடிக்கும். நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. ‘கார்டா, கேஷா, ஜிபேயா?’ என்று உருபே இல்லாமல் வியாபாரத்தை முடித்துவிடுவோம். பிரெஞ்சு விருந்தினர்களுக்கு வேறு இடத்தில் சறுக்கும். ‘ஐ பே த ரூம்’ என்பார்கள். அவர்கள் மொழியில் அறையையே செலுத்துவார்கள், இடையில் ‘ஃபார்’ வராது. நாம் ‘ரூமுக்குப் பணம் கட்டினேன்’ என்று குவ்வுருபு போட்டே பழகியவர்கள், அதனால் ‘ஃபார்’ நம் வாயில் தானாக வரும். அந்த ஒரு இடத்தில் எனக்கு லேசான கர்வம்கூட உண்டு.

இந்தத் தப்புகளால் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை. ‘பை கேஷ்’ என்றாலும் வெள்ளைக்காரர் புரிந்துகொண்டு ரொக்கத்தை எண்ணித் தருவார். அறைக்குள் புகை பிடித்தால் அபராதம் என்று ஒரு அட்டை எழுதி மாட்டினோம். அதில் ‘சார்ஜ்டு வித்’ என்று எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் குற்றம் சாட்டுவது என்று பொருளாம். ஒருவர் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, விலங்கு மாட்டு என்று சிரித்தார். சரி, அட்டையை மாற்றினோம்.

சிரிக்க முடியாதது ஒன்று நடந்தது. பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பம் ஒன்று இரண்டு அறைகளுக்கு முன்பணம் கட்டியிருந்தது. பிறகு ஓர் அறை வேண்டாம் என்று எழுதினார்கள். அந்த அறைக்கான பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று பதில் போட்டேன். நான் எழுதிய வாக்கியம்: ‘த அமவுண்ட் வில் பி ரீஃபண்டட் ஃப்ரம் யுவர் கார்டு.’

பத்து நாள் கழித்து அந்த அம்மா நேரில் வந்தார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். “ஏன் தம்பி, ரூமை வேணாம்னு சொன்னதுக்கு மறுபடி எங்க கார்டுலேர்ந்தே பணம் எடுப்பேன்னு எழுதுவீங்களா?” பயந்துபோய் வங்கிக்குச் சொல்லிக் கார்டையே முடக்கிவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறார். கையில் ரூபாயும் அதிகமில்லை. மிச்சத்தை அவர் கணவருடைய கார்டில்தான் கட்ட வேண்டும்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தேன். கவனக்குறைவில் எழுதிய ‘ஃப்ரம்’ இல்லை அது. கணக்குப் போட்டு எழுதியது. பணம் எடுக்கும்போது ‘சார்ஜ் டு யுவர் கார்டு’ என்று எழுதச் சொல்லித் தந்திருந்தார்கள். எடுப்பதற்கு டு என்றால், கொடுப்பதற்கு அதன் எதிர்ப்பதம் ஃப்ரம்தானே? என் தர்க்கத்தில் ஓட்டை எங்கே என்று விளங்க நேரமாயிற்று. ‘சார்ஜ் டு’ என்னும்போது கார்டை நோக்கிப் போவது பணமே இல்லை, செலவு. மளிகைக் கடையில் ‘அவர் பேர்ல பற்று எழுதிக்கோ’ என்கிறோமே, அதுதான். பற்று அவர் பேருக்குப் போகிறது, பணம் அவரிடமிருந்து வருகிறது. ரீஃபண்டில் போவது பணமே. ஆகவே அதற்கும் டுதான்.

அந்தச் சூட்டோடு பழைய மெயில்களையும் திறந்து பார்த்தேன். விருந்தினர்கள் வரும்போது உத்தரவாதத்துக்காக அவர்கள் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி மட்டும் வைப்போம். பணம் அவர்கள் கணக்கிலேயே இருக்கும், தொட முடியாது, அவ்வளவுதான். அதற்கு ‘எ ஹோல்ட் ஆன் யுவர் கார்டு’ என்று எழுத வேண்டும். நான் எல்லாருக்கும் ‘சார்ஜ்டு’ என்றே எழுதித் தள்ளியிருந்தேன். எத்தனை பேர் பணம் போய்விட்டது என்று நினைத்தார்களோ! மேனேஜர் பார்த்தும் திருத்தவில்லை. அவருக்கு இன் கேஷ், பை கார்டுதான் இங்கிலீஷ்.

நான்காம் நாள் அந்த அம்மா அறையைக் காலி செய்ய வந்தார். கோபம் ஆறியிருந்தது. கணவரின் கார்டை நீட்டிக்கொண்டே, “இப்ப டுவா, ஃப்ரம்மா?” என்றார்.

“பில்லுக்கு டு, பணத்துக்கு ஃப்ரம், அம்மா.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “சரி சரி, மெஷினைக் கொடு” என்றார்.