தாண்டிக்குடி மழையில் தேன் முறைக் காப்பி

கீழ்ப்பழனி மலையில் காப்பி பழுக்கத் தொடங்குவதும் வடகிழக்குப் பருவமழை பெய்வதும் ஏறக்குறைய ஒரே காலம். கார்த்திகையில் தாண்டிக்குடிப் பக்கம் வந்தவர்களுக்கு அந்த மூடுபனி தெரியும். அந்த ஈரத்தில் கொட்டையை அதன் மேல் ஒட்டியிருக்கும் இனிப்புப் பசையோடு உலர்த்தப் போகிறோம் என்று எங்கள் சிறு விவசாயிகள் சங்கம் முடிவெடுத்தபோது, “எல்லாம் பூஞ்சை பிடித்துவிடும்” என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான்.

வழக்கமாகப் பல்ப்பர் இயந்திரத்தில் பழத்தோலை நீக்கி, கொட்டையைத் தொட்டியில் ஒன்றரை நாள் வரை புளிக்கவைத்து, பசையைக் கழுவிவிட்டுத்தான் காயப்போடுவோம். தேன் முறையில் தோல் மட்டும் போகும். பசை கொட்டையின் மேலேயே காயும். தேன் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. கோஸ்டா ரிகாவின் சிறு ஆலைகள் பெயர்பெறச் செய்த முறை இது. கழுவிய தண்ணீர் ஓடையில் கலக்காது என்பதற்காகவே எனக்கு இது பிடித்துப்போயிற்று.

உலர்த்துவதைவிடப் பழம் வாங்குவதுதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. முழுதாகச் சிவந்த பழம் மட்டுமே வேண்டும். கிலோக் கணக்கில் கூலி கொடுத்தால் காயும் பழமுமாக உருவித்தான் வரும். பறிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் நாள்கூலிக்கு மாற்றினோம். ஒரே செடிக்குப் பலமுறை போகவேண்டியிருந்ததால் செலவு கூடியது. அதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அரை ஏக்கர்காரர் தனியாகத் தாங்கியிருக்கவே முடியாது. ஆனால் சொந்த உறுப்பினரின் மூட்டையைத் திருப்பி அனுப்புவது எளிதல்ல. “என் பழத்துக்கு என்னப்பா குறை?” என்று ஒருவர் மனம் வருந்திக் கேட்டார். வாளித் தண்ணீரில் கொட்டி, மிதந்தவற்றை அள்ளி அவர் கையிலேயே கொடுத்தோம். பலவற்றில் காய்த்துளைப்பான் வண்டு போட்ட ஓட்டை இருந்தது. அதன்பின் அவரே வீட்டில் மிதக்கவிட்டுப் பிரித்துக்கொண்டு வந்தார்.

மூங்கில் கால்கள் மேல் வலை கட்டி, பாலித்தீன் கூரை போட்டுப் பரப்பினோம். முதல் சில நாள்கள்தான் கண்டம். கொட்டைகள் வெல்லப்பாகில் விழுந்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓயாமல் கிளறி, கட்டிகளைக் கையால் உதிர்க்க வேண்டும். மழை நாளில் ஒற்றை அடுக்குக்கு மேல் பரப்பக்கூடாது. கிளறிய பெண்கள் அவ்வப்போது ஒரு பிடியை முகர்ந்து பார்ப்பார்கள். பழவாசனை புளித்த வாடையாகத் திரும்பும் இடத்தை அவர்கள் சொன்ன உடனே இன்னும் மெல்லியதாக விரிப்போம். ஈரமானியால் அதை எப்போதும் சொல்ல முடியாது. பொன்னிறப் பசை செம்பழுப்பாக இறுகி, கை ஒட்டாமல் வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினோம். ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு வந்ததும் மூட்டை கட்டி, சில வாரம் ஆறவிட்டோம்.

சுவைத்துப் பார்த்து இடும் மதிப்பெண்ணில் 100க்கு 80 பெற்றால்தான் சிறப்புக் காப்பி என்பார்கள். எங்கள் காப்பி அதைத் தாண்டியது. நாரத்தையின் மெல்லிய புளிப்பும் கருப்பட்டி இனிப்பும் நாக்கில் நின்றன. கூடுதலாகக் கிடைத்த விலையில் கிளறியவர்களுக்கும் பங்கு என்று பொதுக்குழுவில் எழுதிவைத்திருக்கிறோம். அடுத்த பருவத்துக்குக் கூரையை நீட்டும் வேலை நடக்கிறது.