பீரோவுக்குள் இருந்த பிப்பெட்

கோடைகால ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் நேரம் கோடையில் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், செமஸ்டர் தேர்வுக்கு நடுவில் வந்து போய்விடும். தருமபுரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கும் எனக்கே இது பிடிபட சில வருடங்கள் ஆயின.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979-இல் தொடங்கிய மாணவர் உதவித்தொகை, மருத்துவமும் பல் மருத்துவமும் படிப்பவர்களுக்கானது. அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் நமக்கில்ல மேம்" என்று எங்கள் பி.எஸ்சி. பிள்ளைகள் மற்றதையும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் திட்டத்தில் அவர்களும் சேரலாம். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை, உதவித்தொகையும் உண்டு.

பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி. சிரித்தால் கை வாய்க்குப் போய்விடும். பல்லில் பழுப்புக் கோடுகள். இங்கே வகுப்புக்கு நாலு பேருக்காவது இருக்கும். போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடு செய்த வேலை அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். விண்ணப்பத்தில் அவள், "சிறுவயது முதலே விஞ்ஞானியாக ஆசை" என்று எங்கிருந்தோ எடுத்து எழுதியிருந்தாள். பேச்சுவாக்கில், "தம்பிக்கு இந்தக் கறை இல்ல மேம், அவன் பிறந்த வருஷம்தான் ஒகேனக்கல் தண்ணி வந்துச்சு" என்றாள். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது 2013-இல். பல் எனாமல் உருவாகும் வயதில் குடித்த தண்ணீர்தான் கணக்கு. "அதையே எழுதும்மா" என்றேன். நன்றாக எழுதினாள்.

பரிந்துரைக் கடிதம் நான் அனுப்ப வேண்டும். விடைத்தாள் கட்டுக்கு நடுவில் நாளை, நாளை என்று தள்ளினேன். கடைசி நாள் போய்விட்டது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பி.எட். படிக்கிறாள்.

அடுத்த வருடம் அவளுடைய ஜூனியர் ஒருத்திக்கு பெங்களூரில் இடம் கிடைத்தது. அப்பாவுக்குத் தயக்கம். கட்டட வேலைக்கு ஊரில் பாதிப் பேர் பெங்களூரில்தான் இருக்கிறார்கள், ஆய்வகத்துக்கு என்றால் மட்டும் யோசனை! சரி, ஒருவழியாக அனுப்பினார்.

முதல் வாரமே போன். "தினமும் தண்ணிதான் எடுக்கிறேன் மேம். 100 மைக்ரோலிட்டர் எடுத்து தராசுல விட்டா 0.1 கிராம் வரணும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற எடை வருது." திரவத்தைத் துளியளவில் அளந்து எடுக்கும் கருவி பிப்பெட். அதன் பொத்தானை அழுத்தும்போது முதல் தடங்கலோடு நிறுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியேற்றும்போதுதான் கடைசி வரை அழுத்த வேண்டும். அவள் உறிஞ்சும்போதே கடைசி வரை அழுத்தியிருக்கிறாள். மூன்று வருடம் எங்களிடம் படித்தவள். பிப்பெட்டைக் கையில் கொடுத்ததே இல்லை நாங்கள். உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை சாவி வாங்கித் திறந்தேன். மூன்று இருந்தன. ஒன்றில் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தது. மற்ற இரண்டை வைத்து இப்போது இரண்டாமாண்டுப் பிள்ளைகள் தண்ணீரை எடை போடுகிறார்கள். மின்விசிறி ஓடினால் தராசு நிலையாக நிற்பதில்லை, அதனால் புழுக்கத்தில்தான்.