கூடி வெட்டிய குழி

புதுத் தார் போட்டுப் பத்து நாள்கூட ஆகாத தெருவில் கேபிளுக்காகப் பள்ளம் தோண்டுவதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். அந்தத் தெருவை முடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அதனால் எனக்குக் கூடுதலாகவே எரிந்தது. கோப்பை எடுத்துப் பார்த்தால் நாங்கள் கேபிள்காரர்களுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, அவர்கள் எழுதிய பதிலும் இருக்கிறது. எந்த மாதம் வெட்டப் போகிறீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, எந்த மாதம் தார் போடுகிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தெருவுக்கு அடியில் யார் முதலில் போக வேண்டும் என்பதில் பெரிய விவாதத்துக்கே இடமில்லை. கழிவுநீர்க் குழாய்க்கு வாட்டம், அதாவது தண்ணீர் தானாக ஓடும் சரிவு, வேண்டும், அதை நம் வசதிக்கு ஏற்ற முடியாது. குடிநீர் அழுத்தத்தில் ஓடுவதால் கொஞ்சம் ஏறி இறங்கிப் போகலாம், கேபிள் அதைவிட சுலபமாக வளையும். ஆழத்தில் இருப்பது முதலில், மேலே இருப்பது அப்புறம். ஆனால் பணம் ஒதுக்குவது இந்த வரிசையில் நடப்பதில்லை. கேபிள்காரருக்கு இந்த வருடம் நிதி வந்துவிடும், கழிவுநீருக்கு அடுத்த வருடம்தான் வரும், வந்த நிதியைச் செலவழிக்காவிட்டால் திரும்பப் போய்விடும் என்று அவர் அவசரப்படுவார். அவர் மேல் தப்பு சொல்லவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை கூட்டம் போட்டாலும் தேநீர்தான் செலவாகும்.

அடுத்த தெருவில் நான் ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருந்தேன். வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் எல்லாத் துறையும் ஒரே காலையில் வர வேண்டும், கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும். முந்தின நாளே தரையில் பெயின்ட் அடித்து வைத்தோம். அமெரிக்காவில் பயன்படுத்தும் நிற முறைதான்: குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை, மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, "அந்த நீலக் கோட்டுக்குக் கீழ ஒண்ணும் இல்ல தம்பி, குழாய் எதிர்ச் சுவரோரமா போகுது. பதிக்கும்போது நான் இங்கதான் நின்னேன்" என்றார். வெட்டினோம், வெறும் மண். எதிர்ச் சுவரோரம் வெட்டியதும் கடப்பாறை டங்கென்று இரும்பில் பட்டது. அப்போதுதான் குடிநீர்த் துறையின் வால்வு திறப்பவர் மெதுவாகச் சொன்னார், "ஆமா சார், நாங்க அந்தப் பக்கம்தான் மூடுவோம்." அவரை யாரும் இதுவரை கேட்டதே இல்லை. அந்தத் துறைப் பொறியாளர் அங்கேயே வரைபடத்தில் பழைய கோட்டை அடித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். கழிவுநீர்க் குழாய்க்கு வைத்திருந்த இடமும் அதே சுவரோரம்தான் என்பதால், அன்று தப்பியது எங்கள் வேலை மட்டுமில்லை, தெருவின் குடிநீரும்தான்.

நடைபாதையிலும் இப்படி ஒன்று நடந்தது. பார்வையற்றவர்களுக்கான புடைப்புக் கற்களை ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே உருவாக்கினார். 1967இல் ஒகாயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். இன்று பல நாடுகளில் கோடு என்றால் நட, புள்ளி என்றால் கவனி. எங்கள் படத்தில் கோடு நேராக இருந்தது, தரையில் குறுக்கே ஒரு தொலைத்தொடர்புப் பெட்டி நின்றதால் கல் பதித்தவர் அதைச் சுற்றி மூன்று முறை திருப்பிவிட்டார். நடந்து பார்க்க வந்த பார்வையற்ற ஒருவர் இரண்டாவது திருப்பத்தில் கைத்தடியோடு அப்படியே நின்றுவிட்டார். "ரோடு எந்தப் பக்கம்னு குழம்பிடுச்சு" என்றார். பெட்டியை நகர்த்த முடியாது என்று இரண்டு முறை எழுத்தில் மறுத்திருந்த அதிகாரி பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்தார். அடுத்த மாதமே பெட்டி சுவரோரம் போனது. நான் எழுதிய எந்தக் கடிதமும் அதைச் செய்திருக்காது.

கேபிள்காரரின் அவசரத்துக்கும் அங்கேயே வழி கிடைத்தது. கழிவுநீர் முடியும்வரை தெருவுக்குள் வெட்டுவதில்லை, அதுவரை அவர் நிதியில் சேம்பர்களையும் (கேபிளை இணைக்கும் நிலத்தடித் தொட்டிகள்) டக்டுகளையும் (கேபிளை உள்ளே இழுக்கும் வெறுங்குழாய்கள்) வாங்கி வைப்பது, பள்ளம் மூடும்போது சாலையைக் கடக்கும் இடங்களில் காலி டக்டுகளைச் சேர்த்துப் பதிப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். பள்ளத்தை ஒரேயடியாக மூடாமல் அடுக்கடுக்காக மண் போட்டுத் திமிசு அடித்தார்களா என்று தெருக்காரர்களே முறை வைத்து நின்று பார்த்தார்கள். பிறகு வந்த கேபிள்கள் அந்த டக்ட் வழியாகவே போயின, தாரில் ஒரு வெட்டும் விழவில்லை.

ஒரு மூலையில் மட்டும் மழை பெய்தால் இன்னும் தண்ணீர் தேங்குகிறது. வடிகால் துறையோடு வியாழக்கிழமை அங்கே போகிறோம். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.