ஸ்கோருக்கு முன்னால்

மார்ச் 4

காசநோய் முகாம். கையடக்க எக்ஸ்ரே கருவி. படம் எடுத்த சற்று நேரத்தில் ஏஐ ஸ்கோர் வந்துவிடுகிறது: 0-விலிருந்து 1-க்குள் ஓர் எண், கூடக் கூட காசநோய்ச் சந்தேகம் அதிகம். மாலைக்குள் 94 பேரைப் பார்த்துவிட்டோம். நல்ல வேகம்.

மார்ச் 19

அன்று 0.14 ஸ்கோரைப் பார்த்து "நார்மல்" என்று நான் அனுப்பிய லாரி ஓட்டுநர் இன்று ஓ.பி.க்கு வந்தார். சளியில் ரத்தம். ட்ரூநாட் பரிசோதனையில் காசநோய் உறுதியானது.

பழைய படத்தைத் திறந்தேன். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில், இதய நிழலை ஒட்டி மெல்லிய வெள்ளைப் படலம். அவர் சர்க்கரை நோயாளி. அவர்களுக்கு நோய் கீழ்ப்பகுதியிலும் வரும் என்பது நான் படித்ததுதான். "மூணு வாரமா இருமல்" என்று அவர் சொன்னதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இரண்டு வாரம் இருமினாலே, படம் எப்படி இருந்தாலும் சளியைச் சோதிக்க வேண்டும். அந்த 0.14-ஐப் பார்த்தபின் எதுவும் என் கண்ணில் படவில்லை.

"வீட்ல பேரன் இருக்கான் டாக்டர், ஒன்றரை வயசு" என்றார். பதினைந்து நாள் அவனும் அதே அறையில் தூங்கியிருக்கிறான்.

மார்ச் 20

பேரனுக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து தொடங்கினோம். இந்த வகை மென்பொருளை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். அதனால் அவன் படத்துக்கு ஸ்கோர் கிடையாது. எவ்வளவு நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

மார்ச் 23

2023-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றைப் படித்தேன். 27 கதிரியக்க மருத்துவர்கள், 50 மார்பக எக்ஸ்ரேக்கள். சில படங்களுக்கு வேண்டுமென்றே தவறான ஏஐ மதிப்பீட்டைக் காட்டியிருக்கிறார்கள். ஏஐ சரியாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 80 சதவீதம் சரி. தவறாகச் சொன்னபோது 20. மிகுந்த அனுபவசாலிகளே 82-இலிருந்து 45-க்கு இறங்கியிருக்கிறார்கள். அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

மேடத்திடம் காட்டினேன். "நீ பார்த்ததை முதல்ல எழுதிடு. அப்புறம் ஸ்கோரைத் திற" என்றார்.

ஏப்ரல் 2

மறுபடி முகாம். திரையில் ஸ்கோர் வரும் இடத்தில் காகிதம் ஒட்டிவிட்டேன். "எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க டாக்டர்" என்று டெக்னீஷியன் இரண்டு முறை சொன்னார். 61 பேரைத்தான் பார்க்க முடிந்தது.

மூன்று படங்களில் நானும் ஸ்கோரும் ஒத்துப்போகவில்லை. அதில் ஒன்று நான் "நார்மல்" என்று எழுதியது, ஸ்கோர் 0.71. திரும்பப் பார்த்தேன். காறை எலும்புக்குப் பின்னால் ஒரு நிழல், நான் தவறவிட்டது. முதலில் எழுதியதை அழிக்கவில்லை; கீழே இரண்டாவது வரியாக இதைச் சேர்த்தேன்.

மூவரின் சளியும் போயிருக்கிறது. முடிவு நாளை வரும்.