மாப்ளைக்கு மட்டும் மூணு சான்ஸ்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், நங்கநல்லூர் வீட்டு ஹால்ல நடந்த கூத்து இது. சித்தி பையன் அமெரிக்காவுல இருந்து வரும்போது டிசென்ட்னு ஒரு போர்டு கேம் கொண்டாந்து குடுத்திருந்தான், 2012ல வந்த ரெண்டாவது எடிஷன், பெட்டியைத் தூக்கவே ஒரு ஆள் வேணும். பாதாளக் குகை, ஸாம்பி, டிராகன்னு ஒரே மந்திரவாதி கதை. ஒருத்தர் ஓவர்லார்டு, பூதங்க மொத்தமும் அவர் கையில, மத்தவங்க ஹீரோ. நான்தான் ஓவர்லார்டு, ஏன்னா ரூல்புக்கை படிச்சது நான் மட்டும்தான், அதுவும் பாதிதான். ஹீரோக்கள் அக்கா வீட்டுக்காரரும் அவங்க பையனும். அவரை நான் மாமான்னு கூப்பிடுவேன், பையன் என்னை மாமாங்கறான், அதனால சண்டை வரும்போது யாரு யாரை சொல்றாங்கன்னே புரியாது.

முதல் ஆட்டத்துலயே மாலர்னு ஒரு எட்டின் வருவான், ரெண்டு தலை ராட்சசன், அவன் செத்தா ஹீரோ பக்கம் ஜெயிச்சிரும். ரெண்டு மணி நேரம் அடிச்சு அடிச்சு அவனுக்கு இன்னும் ஒரே ஒரு அடி பாக்கி. மாமா நீல டைஸையும் மஞ்ச டைஸையும் கைக்குள்ள வச்சு ஊதி உருட்டினாரு. மஞ்சள்ல ரெண்டு ஹார்ட்டு, அதாவது ரெண்டு அடி. நீலத்துல எக்ஸ். நீல டைஸுக்கு ஆறு பக்கம், அதுல ஒண்ணே ஒண்ணுதான் எக்ஸ், அது வந்தா மத்த டைஸ்ல என்ன விழுந்திருந்தாலும் அடி வேஸ்ட். நான் எழுந்திரிச்சு ஒரு ஸ்டெப் போட்டுட்டேன்.

"இரு இரு, எங்கிட்ட தாயத்து இருக்கு"ன்னாரு. மறுபடி உருட்டலாம்னு ஒரு கார்டு. சரிங்க மாமா, அப்போ ரெண்டு டைஸையும் எடுங்கன்னேன். அதெப்படி, மஞ்சள் நல்லாத்தானே இருக்கு, நீலத்தை மட்டும்தான் எடுப்பேன்னு அவர் சொல்ல, தனித்தனியா பொறுக்க இது என்ன காய்கறிக் கடையான்னு நான் கேக்க, பத்து நிமிஷம் இதுலயே போச்சு. கார்டுல என்ன போட்டிருக்குன்னு பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. கடைசியில காபி வந்துடுச்சேன்னு நானே விட்டுக்குடுத்தேன்.

உருட்டினாரு. டைஸ் நேரா போய் முறுக்குத் தட்டு விளிம்புல சாஞ்சு நின்னுடுச்சு. ஒரு முனை தட்டு மேல, ஒரு முனை தரையில. எனக்கு அது எக்ஸ், அவருக்கு அது மூணு. நாங்க ரெண்டு பேரும் தரையில கன்னத்தை வச்சுப் படுத்து ஒத்தைக் கண்ணால பாத்துட்டு இருக்கோம், அந்த நேரம் அம்மா உள்ள இருந்து வந்தாங்க.

அம்மா தாயக்கட்டை ஆடி வளந்தவங்க. ரெண்டு பித்தளைக் கட்டை, ஒண்ணு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா இன்னொரு தடவை போடலாம், தாயம் விழாம காய் உள்ள வராது, இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஒரு பார்வை பாத்துட்டு, "கட்டை சாஞ்சா செல்லாது. மாப்ள, நீங்க மறுபடி போடுங்க"ன்னுட்டாங்க. அப்போ தாயத்து செலவாயிடுச்சா இல்லையாம்மான்னு கேட்டேன். செல்லாத கட்டைக்கு என்னடா கணக்கு, போடவே இல்லைன்னு நெனச்சுக்கோன்னாங்க. நியாயம்தான். ஆனா இதே அம்மாதான் சின்ன வயசுல என் கட்டை சுவத்துல சாஞ்சப்ப, உன் ஆட்டம் போச்சு, தள்ளுன்னு சொன்னவங்க.

மாமா மூணாவது தடவையா உருட்டினாரு. எக்ஸ்.

ரெண்டு தடவை எக்ஸ் வர்றது 36க்கு ஒரு வாட்டிதான். எனக்கு சிரிக்கவும் முடியல, மாப்பிள்ளை முகம் சுருங்கினதைப் பாத்து அம்மா வேற, "காத்துல உருண்டுச்சுடா, ஃபேனை நிறுத்திட்டுப் போடச் சொல்லு"ன்னு அடுத்த தீர்ப்பு. நான் ரூல்புக்கைத் தூக்கிட்டு வந்து பக்கம் பக்கமா புரட்டுறேன், அக்கா கிச்சன்ல இருந்து யாரு ஜெயிச்சாங்கன்னு கேக்கறா, ஃபேனை யாரோ நிறுத்தி எல்லாருக்கும் வேர்க்குது.

அப்பதான் பையன் அந்தக் கார்டை மூக்குக்கு நேரா வச்சு ஒவ்வொரு வார்த்தையா எழுத்துக்கூட்டிப் படிச்சான். "அப்பா, இதுல அட்ரிப்யூட் டெஸ்ட்டுக்குன்னுதானே போட்டிருக்கு? அடிக்கும்போதுன்னு எங்கயுமே இல்லையே." அட்ரிப்யூட் டெஸ்ட்னா ஹீரோவோட பலம், அறிவை டைஸ் உருட்டிச் சோதிக்கிற சமாச்சாரம். அடிக்கும் அந்தத் தாயத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அதாவது முக்கால் மணி நேரமா இல்லாத ரீரோலுக்கு ரூல் பேசிட்டிருந்திருக்கோம். படிச்ச ஓவர்லார்டு நான்தான், அதனால முறைப்பெல்லாம் எனக்குத்தான்.

அம்மா ஒண்ணும் சொல்லாம முறுக்குத் தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் ஆட மூடு இல்ல, மாலர் ஒரு அடி பாக்கியோட பெட்டிக்குள்ள போயிட்டான்.

ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு மாமாகிட்ட இருந்து வாட்ஸப். "தாயத்து இல்லன்னே வச்சுக்குவோம். அப்பதான் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பினே, அந்த முதல் எக்ஸும் செல்லாதுதானே?"