பெற்றோரின் முழு மருத்துவ ஃபைலை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குவது: காரைக்குடிப் பக்கத்து அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் இன்று குடியிருப்பது பெரும்பாலும் வயதான ஆச்சிகளும் ஐயாக்களும்தான். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கிறது. வேறொரு டாக்டரிடமும் காட்டிவிடலாம் என்று மகன் போனில் சொல்லும்போது, வீட்டில் இருப்பது இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே. முழு ஃபைலைக் கேட்டு மாப்பிள்ளையோ மருமகளோ போய் நின்றால் கவுண்டரில் கிடைக்கும் பதில் இது: “பிரைவசி ரூல் சார், பேஷண்ட் நேர்ல வரணும்.”

இந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிமுறைகள்தான் நோயாளியின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது என்று டாக்டரைக் கட்டுப்படுத்துகின்றன. அதே விதிமுறைகளின் 1.3.2ஆம் பிரிவு, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது. ரகசியம் என்று சொல்லி நோயாளிக்கே மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாதுகாப்பு நோயாளிக்காக ஏற்பட்டது. அவரிடமிருந்தே ஃபைலை மறைப்பதற்கு அல்ல.

எல்லாம் அதிகாரக் கடிதத்தில்தான் இருக்கிறது. “என் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்கவும்” என்று ஒரே வரியில் எழுதினால் மறுபடியும் சம்மரியின் ஜெராக்ஸ்தான் வரும். யுஹெச்ஐடி எண் (ஆஸ்பத்திரி நோயாளிக்குக் கொடுக்கும் அடையாள எண்), ஐபி எண் (உள்நோயாளி எண்), அட்மிஷன் தேதி, டிஸ்சார்ஜ் தேதி ஆகிய நான்கையும் பில்லைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: கேஸ் ஷீட், டாக்டர் குறிப்பு, நர்ஸ் சார்ட், ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, கையெழுத்து வாங்கிய சம்மதப் படிவங்கள், லேப் ரிப்போர்ட்டுகள். ஸ்கேனுக்கு ஃபிலிம் மட்டும் போதாது. டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்கள்) உள்ள சிடி என்று எழுத வேண்டும். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு அந்தத் திசு உள்ள கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்க வேண்டும். புற்றுநோய்க்கு இன்னொரு டாக்டர் பார்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். ஆச்சி கைநாட்டு வைப்பவரானால் இரண்டு சாட்சிகள் பெயர், முகவரியோடு கையெழுத்துப் போடட்டும்.

நம் பக்கத்தில் அதிகம் இடறுவது பெயரில்தான். ஆர்எம்., எஸ்பி., பிஎல். போன்றவை நகரத்தார் வீடுகளில் ஒரே இனிஷியல். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் அது இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். ஆதாரில் வள்ளியம்மை என்றிருப்பவர் அட்மிஷனில் வள்ளி ஆச்சி என்று பதிவாகியிருப்பார். ரெக்கார்டு பிரிவில் இருப்பவர் இருவரும் ஒரே ஆள் என்று தாமாக முடிவு செய்ய மாட்டார். அந்த எச்சரிக்கை நியாயமானதும்கூட. ‘இரண்டு பெயர்களும் என்னையே குறிக்கும்’ என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தால் ஒரு மதுரைப் பயணம் மிச்சம். ஆதார் நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுத்து, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று நகலின் மேலேயே எழுதுங்கள்.

கடிதம் இரண்டு பிரதி. ஒன்றில் சீல், தேதி, நேரம் மூன்றும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது, 72 மணி நேரத்தை அதிலிருந்துதான் எண்ண முடியும். சீல் போட மறுத்தால் அன்றே டெலிவரி ஆதாரம் கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிடுங்கள். ஐந்து வேலை நாள் என்று சிலர் சொல்வார்கள். அது 2023 ஆகஸ்டில் வந்து அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்ட புதிய விதிமுறையில் இருந்த கணக்கு. உள்நோயாளி ஆவணத்தை வைத்திருக்க வேண்டிய காலம் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுதான், அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது ஆபத்து.

இரண்டு விஷயத்துக்குப் பொதுவான கடிதம் போதாது. எச்ஐவி பற்றிய விவரத்துக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கென்றே எழுத்தில் பதிவான சம்மதம் வேண்டும். மனநல சிகிச்சை ஆவணங்களும் தனிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. குடும்பத்தார் என்பதால் மட்டும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

ஃபைல் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் உள்ள மொபைல் எண்ணைப் பாருங்கள். அட்மிஷன் அவசரத்தில் கார் டிரைவரின் எண்ணையோ பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணையோ கொடுத்திருப்பார்கள். அதன்பின் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் அந்த வாட்ஸப்புக்கே போகும். அங்கிருந்து பங்காளிகள் குரூப்புக்குப் போக ஒரு நிமிடம் போதும். 2011ஆம் ஆண்டு ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளில் மருத்துவ ஆவணம் ‘சென்சிட்டிவ்’ தனிப்பட்ட தகவல் வகையில் இருக்கிறது. தவறான விவரத்தைத் திருத்தச் சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டு. ஆஸ்பத்திரியின் குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எண்ணை மாற்றச் சொல்லி அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ச்சொல்லில் மாறாது, லேப்பும் பார்மஸியும் தனித்தனி மென்பொருள் வைத்திருப்பதால் இரண்டையும் குறிப்பிட வேண்டும்.

உறவினர் குரூப்பில் போடுவதை 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடாது. வீட்டு உபயோகத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது. லேப் ஊழியர் ஆதாயத்துக்காகவோ கெடுதல் செய்யும் எண்ணத்திலோ அனுப்பினால் கதை வேறு. ஐடி சட்டம் 72ஏ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நோயாளிக்கான உரிமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமென்று அதிலேயே இருக்கிறது. அப்போது, நினைவு தப்பினாலோ இறந்தாலோ தன் சார்பில் கேட்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கவும் முடியும். தனியாக வாழும் ஆச்சிகளுக்கு இது பெரிய ஆறுதல்.

அரசு ஆஸ்பத்திரி ஃபைல் என்றால் தகவல் உரிமைச் சட்ட மனுதான் நேர்வழி. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தன் சொந்த ஆவணம் என்று குறிப்பிட்டு நோயாளியே கையெழுத்துப் போட வேண்டும். மகன் பெயரில் போட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திரும்பும். பதில் தர 30 நாள்.

தனியார் ஆஸ்பத்திரி 72 மணி நேரம் தாண்டியும் தராவிட்டால், டாக்டர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், ஆஸ்பத்திரி மீது அந்த மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் சீல் வாங்கிய நகலோடு எழுதலாம். நுகர்வோர் வழக்குக்கு மதுரைக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யவிடுகிறது. காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்குச் சிவகங்கை. ராயவரம், அரிமளம் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. கட்டிய பில் 5 லட்சம் வரை என்றால் தாக்கல் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.